ஆறு பேரின் வெறுங்கைகள்

வள்ளிமயிலக்கா பெயிண்டர் ஆனதற்கு அவள் புருஷனின் பயம்தான் காரணம். கல்யாணமான புதிதில் இசக்கிபாண்டி வெள்ளையடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் அவருக்குக் கால் ஆடும். ஒரு வீட்டில் ஆள் உயரம் வரைக்கும் வெள்ளை, அதற்கு மேல் பழைய அழுக்கு என்று விட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரிடம், தீப்பெட்டி ஆபீசில் இருந்து அப்போதுதான் திரும்பிய அக்கா, "ஏணி எங்கன கெடக்கு? மிச்சத்தை நான் அடிச்சிட்டு வாரேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்கு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. இசக்கிபாண்டி இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவுக்கு உயரம் குறைவு.

அக்காவை எனக்குக் கடையில்தான் பழக்கம். கோவில்பட்டியில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்கும் மிஷினுக்கு முன்னால் நிற்பவன் நான். மற்ற பெயிண்டர்கள் நம்பர் சொல்லிக் கேட்பார்கள். அக்கா நம்பரே சொன்னதில்லை.

"வெயில் தாழ்ந்த பொறவு பருத்திக்காட்டுல ஒரு நெறம் நிக்கும்லா தம்பி, போவவா வேண்டாமான்னு யோசிச்சிட்டு? அதுல ஒரு லிட்டர் குடுங்க."

நான் கவிதைப் புத்தகம் படிக்கிறவன். கல்லாவுக்கு அடியில் எப்போதும் ஒன்று இருக்கும். அன்றைக்கு அதை மூடிவைத்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நிறத்தை மூன்று தடவை கலக்கினேன். மூன்றாவது தடவைதான் அக்கா தலையை ஆட்டினாள்.

சுவர் அடிக்கிறவளாக இருந்த அக்கா முகம் வரைகிறவளாக ஆனது ஒரு அங்கன்வாடியில். சுவரில் முயல் வரையச் சொன்னார்கள். வரைந்தாள். பிள்ளைகள் முயலைப் பார்த்ததும் "தலைவரு! தலைவரு!" என்று கத்தின. உண்மையிலேயே ஊராட்சித் தலைவரின் சிரிப்பு அப்படியே முயலுக்கு வந்திருந்தது. தலைவருக்கும் அதில் ரொம்பப் பெருமை. முயலுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் வந்த பங்குச் சாமியார் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "முயலுக்கே இப்படி உயிர் குடுக்கிற அம்மா யாரு?" என்று விசாரித்திருக்கிறார்.

இப்படித்தான் போன ஆனி மாதம், எப்போதும்வென்றானைத் தாண்டி ஒரு சின்ன ஊரின் சின்னக் கோவிலில் ஆறு புனிதர் சுரூபங்களுக்கு வர்ணம் பூசும் வேலை அக்காவுக்கு வந்தது. (ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.) வேலை வந்தது என்பதைவிட, பரீட்சை வந்தது என்பதுதான் சரி. அந்தக் கோவில் உபதேசியார் சந்தியாகுக்கு இதில் இஷ்டமில்லை. சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர், ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர், ஊரில் கடைசிச் சொல் அவருடையதுதான்.

"அந்தப் பொம்பள நம்ம வேதம் இல்ல சாமி. யாரு எவருன்னே தெரியாம கைய வச்சிரும்" என்றாராம்.

சாமியார் விவரமான ஆள். "கொடியேத்தத்துக்குள்ள ஆறு பேரும் சரியா வந்துட்டா பெரிய கோவில் பீடத்தையும் அந்தம்மாவே செய்யட்டும். சரியா இல்லையான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று பந்தை அவர் பக்கமே தள்ளிவிட்டார்.

பங்கின் பெரிய கோவில் மரப்பீடத்தில் பன்னிரண்டு சீடர்கள், இருபத்தெட்டு சம்மனசுகள் என்கிற தேவதூதர்கள். அக்கா ஏற்கனவே போய் எண்ணிவிட்டு வந்திருந்தாள். "நாப்பது மொகம் தம்பி! நாப்பது!" என்று கடையில் வந்து பத்து விரலையும் நாலு தடவை விரித்துக் காட்டினாள். வாழ்நாள் முழுக்கக் காம்பவுண்டுச் சுவரும் கக்கூஸ் சுவரும் அடித்தவளுக்கு நாற்பது முகம்.

கொடியேற்றம் அன்றைக்குக் காலை பதினோரு மணிக்கு, தீர்ந்துபோன கோல்டு பெயிண்டைக் கொடுக்க நான் வண்டியில் போனேன். ஆனிக் காற்று வண்டியை ரோட்டில் இருந்து கரிசல் காட்டுக்குள் தள்ளிக்கொண்டே இருந்தது. தூரத்தில் காற்றாலைகள் எல்லாம் ஒரே அவசரத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. கோவில் முற்றத்தில் மிக்கேலம்மாள் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோவிலைக் கூட்டித் துடைப்பவள். "உள்ள போ ராசா. உங்க அக்கா காலையில இருந்து பேசவே இல்ல. என்னமோ ஆயிட்டு" என்றாள்.

உள்ளே பக்க அறையில் ஆறு சிமெண்டுச் சுரூபங்களும் வரிசையாக நின்றார்கள். முகமும் கையும் பூசி முடித்திருந்தது. கண்ணை மட்டும் வரையவில்லை. நம் பக்கத்துச் சிலைகளுக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், அதே வழக்கத்தில் அக்காவும் விட்டிருந்தாள். அங்கி எல்லாம் ஒரே வெள்ளை பிரைமர். ஆறு பேரின் கையிலும் ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஏறியபின் பையைத் தவறவிட்டதை உணர்ந்த ஆறு பேர் மாதிரி கையை முன்னால் நீட்டியபடி நின்றார்கள். அவர்களுக்கு எதிரே, பேப்பர் விரித்த பெஞ்சில் சாமான்கள்: ஒரு ஈட்டி, ஒரு வாள், பூப்பூத்த ஒரு கோல், ஒரு தராசு, இரண்டு கண் வைத்த ஒரு தட்டு, இரண்டு சாவி. தரையில் ஒரு சிமெண்டு நாய்.

அக்கா பெஞ்சுக்கும் சுரூபங்களுக்கும் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, இதுல எது யாருக்குன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

நடந்தது இதுதான். பழைய பெயிண்டைச் சுரண்டுமுன் கையில் இருந்த சாமான்களை எல்லாம் அக்கா கழற்றியிருக்கிறாள். தீப்பெட்டி ஆபீசில் எட்டு வருஷம் லேபிள் பிரித்த கை அது. கொக்கு லேபிள் ஒரு கட்டு, ரயில் லேபிள் ஒரு கட்டு, கத்தரிக்கோல் ஒரு கட்டு. படத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டுமே தவிர, எந்தப் பெட்டியில் ஒட்டப் போகிறார்கள் என்று பார்க்கிற வேலை அவளுக்கு அங்கே இருந்ததே இல்லை. பெட்டி எல்லாம் ஒரே பெட்டி, குச்சி எல்லாம் ஒரே குச்சி. அதே சுத்தத்தோடு இங்கேயும் நீளமானது நீளமானதோடு, வட்டமானது வட்டமானதோடு என்று அடுக்கிவிட்டாள். சுரூபங்களின் காலடிப் பலகையில் எழுதியிருந்த பெயர்கள் உப்புத்தாள் தேய்ப்பில் போய்விட்டன.

"மொதல்ல போட்டோ எடுக்கலியாக்கா?"

"எடுக்காம இருப்பனா? நாப்பத்தேழு எடுத்திருக்கேன்." போனை நீட்டினாள்.

தள்ளித் தள்ளிப் பார்த்தேன். தாடை. கன்னம். மூக்கு. உரிந்த காது. வெடித்த நெற்றி. நாற்பத்தேழிலும் முகங்கள். ஒன்றில் மட்டும் ஒரு விரல் தெரிந்தது. அது அக்காவின் விரல்.

"மிக்கேலம்மாக்கிட்ட கேட்டா என்ன?"

"கேட்டா அஞ்சு நிமிசத்துல ஊருக்கே தெரிஞ்சிரும். உபதேசியாரு பேண்டுசெட்டுக்காரனைக் கூப்பிடப் போயிருக்காரு. வந்து பாத்தாருன்னா, 'நான் அப்பமே சொன்னேன்'னு நிப்பாரு. என் நாப்பது மொகமும் போச்சு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயம் அதிகமானால் அக்காவுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் ஒட்டிக்கொண்டது. கண் இல்லாத ஆறு பேர் முன்னால் நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம்.

கடை முதலாளிக்கு வண்டி பஞ்சர் என்று சொன்னேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய்.

"லேபிள் வேலைதானே" என்று அக்கா எழுந்தாள். "கடையில போயி தீப்பெட்டி கேக்கவன் ஒருத்தனாவது கம்பெனிப் பேரு சொல்லிக் கேப்பானா? கொக்கு ஒண்ணு குடு, ரயில் ஒண்ணு குடும்பான். இவியளும் அப்படித்தான இருப்பாவ? சாவி சாமி, வாள் சாமின்னு. ஒட்டிப் பாப்போம்."

முதல் ஆள் சுலபம். முதுகில் இறக்கை, காலடியில் வாலோடு ஒருத்தன் மல்லாந்து கிடந்தான்.

"ஈட்டி இவருக்குத்தான். கீழ கெடக்கவன் நெஞ்சுல குழி கூட இருக்கு பாருங்க."

"இன்னொரு கையி சும்மா இருக்கேக்கா?"

"தராசைக் குடுங்க. மிதிச்சு முடிச்சிட்டு நிறுத்துப் பாப்பாரா இருக்கும்."

போனில் தேடலாம் என்றால் நெட் வரவில்லை. காம்பவுண்டுச் சுவர் மூலையில் ஒரு கல் மேல் ஏறி நின்றால்தான் ஒரு கோடு வந்தது. ஓடிப்போய் ஏறிப் பார்த்துவிட்டு ஓடிவந்தேன்.

"மிக்கேல் அதிதூதர். தராசு ஆத்துமாக்களை நிறுக்கவாம்!"

"நான் சொன்னதுதான!" அக்கா உள்ளங்கையை நீட்டினாள். தட்டினேன்.

ஒரே ஒரு பெண் சுரூபம். தட்டு அவளுக்குத்தான் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "நம்ம மாரியம்மன் கோவில்ல கண்ணுவலி தீந்தா வெள்ளியில கண்மலர் வாங்கிப் போடுவோம்லா? இந்தம்மா அதை வாங்கிக்கிடுத அம்மா." மறுபடி ஓடினேன், கல்லில் ஏறினேன், வந்தேன். லூசியம்மாள். கண்நோய்க்காரர்களின் புனிதை. ஆனால் தட்டில் இருப்பது யாரும் போட்ட காணிக்கை இல்லை. அவளுடைய கண்களேதான், பிடுங்கப்பட்டவை.

அக்கா தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பிறகு தூரிகையை எடுத்தாள்.

"அப்பம் நாலு கண்ணு தெறக்கணும். மொகத்துல மொதல்லயா, தட்டுல மொதல்லயா தம்பி?"

நான் கறுப்பு டப்பாவைத் திறந்து நீட்டினேன்.

"தட்டுலதான்" என்று அவளே முடிவு செய்தாள். "தட்டுல உள்ளது தெறந்துட்டா, மொகத்தை நான் ஒழுங்கா வரையுதேனான்னு இந்தம்மாவே பாத்துக்கிடுவா."

மூன்றாமவர் அங்கியைத் தூக்கித் தொடையில் இருந்த புண்ணைக் காட்டிக்கொண்டு நின்றார். அக்கா பிறந்தது குளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் வீட்டில். நாயைத் தூக்கி அவர் காலடியில் வைக்க அவளுக்கு ஒரு நொடி ஆகவில்லை. "கிடையில காவக்கெடக்க நாயிக்குத்தான் புண்ணு எங்கன இருக்குன்னு தெரியும். மணந்து வந்து நக்கும்." நாயின் வாயில் வட்டமாக, தட்டையாக ஏதோ இருந்தது. அதற்கு அக்கா முந்தின நாளே நல்ல மஞ்சள் அடித்து, விளிம்பில் லேசாகச் சிவக்கவைத்து, நெய் மினுமினுப்பும் கொடுத்திருந்தாள். அசல் கடம்பூர் போளி. கல்லில் ஏறிப் பார்த்தபோது, ஆரோக்கியநாதர் கொள்ளைநோயில் காட்டுக்குள் கிடந்தபோது நாய் தினமும் கொண்டுவந்தது ரொட்டி என்று இருந்தது. அக்காவிடம் சொன்னேன். "பசிச்சுக் கெடக்க மனுசனுக்குப் போளியே கொண்டுவரட்டும்" என்று விட்டுவிட்டாள்.

மூன்று பேர் முடிந்தார்கள். மணி ஒன்றரை. அக்கா அங்கிகளுக்கு நிறம் போடும் வேகத்தைப் பார்த்து எனக்கே தலை சுற்றியது. ஏணியில் நின்றுகொண்டு பாடினாள். காற்று ஜன்னலுக்குள் புகுந்து பெயிண்டைக் காயவைத்துக் கொடுத்தது.

மிச்சம் மூன்று பேர். மூன்று சாமான். சாவி, வாள், பூக்கோல்.

மூவரையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி நிறுத்தினோம். தாடி, அதே சுருள். மூக்கு, அதே மூக்கு. இடது முழங்காலுக்கு மேல் அங்கியில் விழுந்த மடிப்பு மூன்றிலும் அதே மடிப்பு. அக்கா நூலால் தாடியை அளந்தாள். நூல் மூவருக்கும் பொருந்தியது. கையில் இருந்த துளைக்குள் வாளைச் செருகினாள், போனது. பூக்கோலைச் செருகினாள், போனது. சாவியும் போனது. மூவருக்கும் எல்லாம் போனது.

"ஒரே அச்சு" என்றாள் மெதுவாக. "தம்பி, மூணு பேரும் ஒரே அச்சுல வாத்தவிய!"

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது. "குச்சி எல்லாம் ஒரே குச்சி" என்று விக்கலுக்கு நடுவில் சொன்னாள். பிறகு திடீரென்று நிறுத்திவிட்டு மூன்று பேரின் கால்களைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்குக் கால் வெரலே இல்ல."

"இருக்கேக்கா."

"இப்பம் இருக்கு. நான்தான் பட்டி வச்சு உண்டாக்கினேன். ஒருத்தருக்கு வலது கால்ல வெரலெல்லாம் தேஞ்சு மழுங்கிப் போயிருந்துது. எலிதான் கரண்டிட்டோன்னு நெனச்சு அழகா அஞ்சு வெரலும் நகமும் வச்சுக் குடுத்தேன்."

எலி சிமெண்டைக் கரண்டாது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. தொட்டுத் தொட்டுத் தேய்ந்த கால் அது. அக்கா ஸ்பேனரின் பின்பக்கத்தால் மூவரின் பெருவிரலையும் தட்டினாள். டிங். டிங். மூன்றாவது மட்டும் டொக்.

"இவருதான். இவரு யாருன்னு இப்பம் தெரியணும்."

அதற்கு மிக்கேலம்மாளை விட்டால் ஆள் இல்லை. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், ஒரு தண்டை எடுத்து அவளோடு சேர்ந்து புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏன் மதினி, இந்த ஊருல எந்தச் சாமி காலை எல்லாரும் தொடுவாவ?"

"சூசையப்பரு காலைத்தான். வேற யாரு காலை?" மிக்கேலம்மாள் நிமிரவில்லை. "ஏசுசாமிய வளத்த தகப்பன். நல்ல சாவு குடுப்பாருல்லா. அவரு சாகும்போது ஒரு பக்கம் ஏசுசாமி, இன்னொரு பக்கம் மாதா. அப்படி ஒரு சாவு யாருக்குக் கெடைக்கும்? எங்க மாமியா தெனம் தொட்டா. தொட்டுத் தொட்டு அவ தொண்ணூத்தி மூணு வயசு வரைக்கும் சாகவே இல்ல. நான்தான் செத்தேன்."

அக்கா சிரித்துக்கொண்டே, "அவரு கையில பூக்கோலுதான?" என்றாள், ஏதோ தெரிந்ததைச் சொல்கிற மாதிரி.

"பின்ன சாவியா இருக்கும்? சாவி இராயப்பருக்குல்லா. மோட்சத்துக் கதவு அவரு பொறுப்பு. வாளு சின்னப்பருக்கு." மிக்கேலம்மாள் தேய்ப்பதை நிறுத்தினாள். அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏட்டி, ஒனக்குத் தெரியாதுல்லா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

மிக்கேலம்மாள் எழுந்து, புளிக் கையோடு நேரே பக்க அறைக்குள் போனாள். மூவரையும் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். பூக்கோலைக் கையில் எடுத்ததும் அவள் கண் அகன்றது.

"எட்டி பாவி! சூசையப்பரு கையில ஊமத்தம்பூவா?"

குழல் மாதிரி நீண்டு வாய் விரிந்திருந்த அந்தப் பூவைக் கரிசல் வரப்பில் பார்த்த ஊமத்தை என்றே நினைத்து, விளிம்பில் அழகாக ஊதா தீற்றியிருந்தாள் அக்கா.

"லீலிப் பூட்டி அது! வெள்ளைன்னா வெள்ளை, ஒரு பொட்டு இருக்கப்பிடாது. சுத்தமான மனுசன்னு அர்த்தம்."

"சத்தம் போடாதீய மதினி! இந்தா மாத்திருதேன், இந்தா!" அக்கா ஊதாவின் மேல் வெள்ளையை அடித்துக்கொண்டே கெஞ்சினாள். "மத்த ரெண்டு பேருல இராயப்பரு எவரு, சின்னப்பரு எவரு? அதை மட்டும் சொல்லிருங்க."

மிக்கேலம்மாள் இருவரையும் சுற்றிச் சுற்றி வந்தாள். தாடியைத் தொட்டாள். சனிக்கிழமை தோறும் துடைத்த முகங்கள். "சாவி வச்சிருந்தா இராயப்பரு, வாளு வச்சிருந்தா சின்னப்பரும்பேன். சாவியையும் வாளையும் வச்சுத்தான் பாத்திருக்கேன். மொகத்தை யாரு பாத்தா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். அப்புறம் அவளே ஒரு சமாதானமும் சொன்னாள். "ரெண்டு பேரையும் ஒரே நாள்லதான் கொன்னாவ. திருநாளும் ஒரே நாளு. மாறிட்டாலும் ஒருத்தர ஒருத்தர் கோவிச்சுக்கிட மாட்டாவ."

வலதுபக்கம் நின்றவருக்கு இரண்டு சாவியும் கொடுத்து நீலம் பூசினாள் அக்கா. இடதுபக்கம் நின்றவர் கையில் வாளை வைத்துச் சிவப்பு பூசினாள். வாளை நன்றாகத் தூக்கி, நுனி வானத்தைப் பார்க்க, ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல்சாமியின் தோரணையில் வைத்தாள். பார்த்தால் எதிரி நாலு தெரு தள்ளி ஓடுவான். பிறகு ஏணியில் ஏறி இறங்கி ஏறி, ஆறு முகத்திலும் பன்னிரண்டு கண்களையும் திறந்தாள். லூசியம்மாள் முகத்தில் கண் விழுந்த கணம் மிக்கேலம்மாள் தன்னையறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் எதுவும் போடத் தெரியாமல் செருப்பைக் கழற்றினேன்.

நாலரை மணிக்கு மொபெட் சத்தம். உபதேசியார் சந்தியாகு மஞ்சள் பையில் கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். அறுபது வயதுக்குக் குச்சி மாதிரி நிமிர்ந்த முதுகு. உள்ளே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவராகப் பார்த்தார். மிக்கேலை ஒரு சுற்று. லூசியம்மாள் முன்னால் கொஞ்சம் அதிக நேரம். ஆரோக்கியநாதரின் நாயிடம் குனிந்தார்.

"இது என்ன, போளியா?"

அக்கா தூரிகையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரும் மேலே கேட்கவில்லை. சூசையப்பர் முன்னால் போனதும் கை தானாகக் காலுக்குப் போனது. விரல்கள் அஞ்சையும் தடவி, "முளைச்சிட்டே" என்றார், தனக்குத்தானே. கடைசியாக வாளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, இது யாரு?"

"சின்னப்பரு."

"சின்னப்பரு யாரை வெட்டப் போறாரு?"

"கெட்டவனை."

"அவரு யாரையும் வெட்டல. அவரைத்தான் அந்த வாளால வெட்டிக் கொன்னாவ. நுனி தரையைப் பாக்கணும். மிக்கேலை விட்டா வேற சாமி கையில நாங்க ஆயுதம் குடுக்கலம்மா, அவிய பட்ட பாட்டைக் குடுத்திருக்கோம். லூசியம்மாவைப் பாரு. பிடுங்கின கண்ணை அவளே ஏந்திட்டு நிக்கா."

அக்கா வாளைக் கழற்றித் திருப்பிச் செருகினாள். நுனி தரைக்கு வந்ததும் இத்தனை நேரம் சண்டைக்காரராக நின்ற அந்த மனிதர், வெகுதூரம் நடந்துவந்து கம்பை ஊன்றி நிற்பவராக மாறினார். ஒரு வாள் திரும்பியதற்கு இவ்வளவா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அக்காவும் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

"பட்ட பாட்டைத்தான் கையில குடுக்கணும்னா, எங்க வீட்டுக்காரருக்குச் சிலை வச்சா ஏணியைத்தான் குடுக்கணும்" என்றாள்.

மிக்கேலம்மாள் வெடித்துவிட்டாள். "எனக்கு என் மாமியாளை!" என்று கத்தினாள். உபதேசியாரின் மீசை ஒரு பக்கமாக ஆடியது. அவர் இருமி அதைச் சரிசெய்தார்.

"இராயப்பர் சாவி ரெண்டும் தங்கமா அடிச்சிருக்க. ஒண்ணு வெள்ளி. தங்கம் மோட்சத்துக்கு, வெள்ளி இந்தப் பூமிக்கு. மத்தபடி..." நெடுநேரம் வரிசையைப் பார்த்தார். "மத்தபடி குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. மொகமெல்லாம் பேசுத மாதிரி இருக்கு. சாமியாருக்கிட்ட நான் சொல்லிருதேன்."

நாற்பது முகமும் கிடைத்துவிட்டது. மிக்கேலம்மாள் புளிக் கையால் அக்காவின் இடுப்பில் கிள்ளினாள். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சாவிக்காரரையும் வாள்காரரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உபதேசியாரே" என்றாள். "இவிய ரெண்டு பேருல எவரு இராயப்பரு, எவரு சின்னப்பருன்னு எனக்குத் தெரியாது. கழட்டும்போது மாத்திப் போட்டுட்டேன். ஒரு ஊகத்துலதான் குடுத்திருக்கேன். மாறியிருந்தாலும் மாறியிருக்கும். நீங்க இத்தனை வருசமா கும்பிடுதவிய. தெரியாம கும்பிடப்பிடாதுன்னு சொல்லுதேன். பீடத்தை வேணா வேற ஆளுக்கிட்ட குடுங்க."

உபதேசியாருக்குக் காது சிவந்தது, பிறகு கழுத்து. வெடிக்கப் போகிறார் என்று நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மெதுவாகப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது லாரியில வந்து எறங்கினப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு" என்றார் தாழ்ந்த குரலில். "வைக்கோலைப் பிரிச்சா மூணு பேரும் ஒரே ஆளு. கையில வைக்க வேண்டியது எல்லாம் தனியா ஒரு சாக்குல கெடக்கு. ஒரு சீட்டுக் கூட இல்ல. மறுநாள் ஆயரு மந்திரிக்க வாராரு. யாருக்கிட்டயும் கேக்க வெக்கம். நான்தான்... கையில வந்ததை எதுக்க நின்னவருக்குக் குடுத்து, காலடியில பேரையும் எழுதி வச்சேன்."

"அப்பம்?" என்றாள் மிக்கேலம்மாள்.

"அப்பம் என்ன அப்பம்? முப்பத்தெட்டு வருசமா இன்னைக்குத்தான் வாயைத் தெறக்கேன்."

முதலில் யார் சிரித்தது என்று இப்போது சொல்ல முடியவில்லை. உபதேசியாராகவும் இருக்கலாம். ஒரு கட்டத்தில் நால்வரும் ஆளுக்கொரு சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மிக்கேலம்மாள் தரையில் உட்கார்ந்து, "எங்க மாமியா யாரு காலைத் தொட்டாளோ!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு சிரித்தாள். உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவ சூசையப்பருன்னுதானட்டி தொட்டா, அவருக்குத் தெரியாதா?" என்றார்.

வெளியே பேண்டுசெட் முழங்கியது. சாமியாரின் கார் வந்துவிட்டது. உபதேசியார் பதறினார். "சாவி! வெள்ளி சாவி! ஏம்மா, ஏறு, ஏறு!"

அக்கா ஏணியில் பாய்ந்து ஏறினாள். சில்வர் டப்பாவைத் திறந்து கொடுக்க நான் குனிவதற்குள் உபதேசியாரே அதை எடுத்துக்கொண்டு ஏணியின் மூன்றாவது படி வரை ஏறிவிட்டார். இஸ்திரிச் சட்டையின் மார்பில் வெள்ளி ஒரு சொட்டு விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. மேலே கையை உயர்த்தி டப்பாவை நீட்டினார்.

"ஆட்டாதீய உபதேசியாரே" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. "நேராப் பிடிங்க."

அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.